திருப்பி அனுப்பினால்

ஸ்காபரோ
3 மார்ச் 1996

அன்புள்ள தம்பி எட்வேட்,

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். நானும் பிள்ளை எமில்டாவும் பரவாயில்லை. உன் அத்தானுக்குத்தான் வயிறு சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயோடு எழும்பிவிடுகிறார். டொக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய வழக்கு தோற்றுவிட்டது. மேல் கோர்ட்டும் எடுக்க மறுத்துவிட்டது. என்னை அகதி என்று ஏற்றவர்கள் அவரை ஏற்கவில்லை. குருநகரில் இயக்கப் பெடியள் வந்து படகைக் கேட்டதும், இவர் பயத்தில் இரண்டு மூன்று தரம் அவர்களை ஏற்றி இறக்கியதும் உனக்குத் தெரியும். விசாரணையில் அதை மறைக்காமல் சொன்னார். "மாதா மேல சத்தியம் பண்ணிப்போட்டு என்னெண்டு பொய் சொல்லுறது?" என்று என்னையும் பேசினார். அதையே பிடித்துக்கொண்டு, இயக்கத்துக்கு உதவியவர், இந்த நாட்டுக்கு ஆபத்தானவர் என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் கரப்பான் பூச்சி அடிக்கவே என்னைக் கூப்பிடுகிற மனிசன், தம்பி.

இனிக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்களாம். புது லோயர் பிடித்திருக்கிறோம். ஹார்ட்லி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். அவ ஒரு விஷயம் கேட்கிறா. எண்பத்தேழு கடைசியில் லண்டனிலிருந்து உன்னைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்களே, அங்கே இறங்கியபிறகு என்ன நடந்தது? அதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. உள்ளதை எழுதினால் போதும்.

குளிருக்குக் கவனமாக உடுத்திக்கொள். உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா வேரோனிக்கா


டூட்டிங், லண்டன்
20 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் செய்தி அறிந்து மிகவும் கவலைப்பட்டேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கோ. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. நோயாளிகளை வார்டுக்கும் எக்ஸ்ரேக்கும் தள்ளிக்கொண்டு திரிவதிலேயே பொழுது போகிறது. இங்கே இன்னும் மழை. எமில்டா நேர்சரி போகத் தொடங்கிவிட்டாளா? படம் இருந்தால் அனுப்புங்கோ.

நீங்கள் கேட்ட விஷயம். ஒன்றும் நடக்கவில்லை என்று அப்போதே உங்களுக்கு எழுதினேனே. விமான நிலையத்தில் மறித்தார்கள், கேள்வி கேட்டார்கள், பிறகு விட்டார்கள். அதில் எழுத என்ன இருக்கிறது?

எழுதினாலும் பயனில்லை, அக்கா. இங்கிருந்து என்னைப் போலவே திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் பெடியள் ஐந்து பேரின் வழக்கு ஸ்ட்ராஸ்பேர்க் வரைக்கும் போனது. ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான மனித உரிமைக் கோர்ட் அது. போனபிறகு அவர்களில் சிலருக்கு அடி விழுந்தது என்பது கோர்ட்டுக்குத் தெரிந்தது. இருந்தும், அனுப்பும் நேரத்தில் இப்படி நடக்கும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிந்திருக்க முடியாது என்று 91இல் தீர்ப்புச் சொன்னார்கள். பட்டவர்கள் போய் நேரே சொல்லியும் அவ்வளவுதான்.

வேறு நல்ல வழி லோயர் காட்டுவா. அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.

தம்பி எட்வேட்


ஸ்காபரோ
12 மே 1996

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைக் கண்டதில் ஆறுதல். சாப்பாட்டைக் கவனி, கடைச் சாப்பாடு கூடாது. எமில்டாவின் படம் உள்ளே வைத்திருக்கிறேன். முன்பல் விழவில்லை, படிக்கட்டில் விழுந்து உடைத்தது.

இங்கே எங்கள் இருப்பைக் கேள். பதினோராம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் எங்கள் தளத்தில் நிற்கும்போது ஒரு மணி அடிக்கும். முன்பு அது காதில் விழுந்ததே இல்லை. இப்போது மணி அடித்தால் அத்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறார். காலடிச் சத்தம் எங்கள் கதவைத் தாண்டிப் போகும் மட்டும் நான் குசினியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போன கிழமை தபால்காரர் தட்டினதற்கு எமில்டா ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். பிள்ளையை அடித்துவிட்டேன். நாலு வயதுப் பிள்ளை. கதவைத் திறந்ததற்கு.

லோயர் சொன்னதை எழுதுகிறேன். ஜெனீவாவில் சித்திரவதைக்கு எதிரான குழு என்று ஒன்று இருக்கிறதாம். ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்தது. நான் கோர்ட் என்று சொல்ல, "கோர்ட் இல்லை, பத்துப் பேர் கொண்ட ஒரு குழு" என்று திருத்தினா. ஒருவரை அனுப்பினால் அங்கே சித்திரவதை செய்வார்கள் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பக்கூடாது என்ற உடன்படிக்கையில் கனடா கையெழுத்து வைத்திருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முதல் பாகிஸ்தான்காரர் ஒருவரை அனுப்ப வேண்டாம் என்று அந்தக் குழு கனடாவுக்கே சொல்லியிருக்கிறது.

"கனடாச் சட்டத்துக்குள்ள உங்களுக்கு இருந்த கதவெல்லாம் பூட்டியாச்சு. இனி வெளியில இருந்துதான் தட்ட வேணும்" என்று அவ சொன்னதை யோகமலர் எனக்குத் தமிழில் சொன்னா. யோகமலர் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறா. மொழிபெயர்ப்பு வேலை அவவுக்கு.

வெளியிலிருந்து தட்டுவதற்குச் சாட்சி வேண்டும். பேப்பரில் வந்த செய்தி போதாது, திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரின் வாயால் வரவேண்டும் என்கிறா. உன்னைத் தவிர எனக்கு ஆரைத் தெரியும்? யோசித்து எழுது.

உன் சுகத்துக்காகச் செபிக்கும்,
அக்கா


ஸ்காபரோ
28 ஜூலை 1996

தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுத்தால், அறையில் கூட இருக்கிற பெடியன் நீ வேலை என்கிறான். ஒருநாள் அவனுக்குப் பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்டது.

தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த செய்தி பார்த்திருப்பாய். கொழும்பில் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கிறார்களாம். கொட்டாஞ்சேனையில் அம்மாவின் வீட்டுக்கும் இரண்டு தரம் வந்து அடையாள அட்டை பார்த்துவிட்டுப் போனார்களாம். இந்த நேரத்தில்தான் குடிவரவுக் கந்தோரிலிருந்து அத்தானுக்கு, கொழும்பு பாதுகாப்பான இடம் என்று இன்னொரு கடிதம் வந்திருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் மனதை நோகடிக்கக்கூடாது என்று இருந்தேன். இனி முடியாது.

அத்தானின் விசாரணையில் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்ட எவரையாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். ஓம், என் தம்பி என்றேன். அவருக்கு என்ன நடந்தது என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை, விசாரித்துவிட்டு விட்டார்கள் என்றேன். நீ எழுதினதைத்தான் சொன்னேன். உண்மை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அது தீர்ப்பில் இருக்கிறது. மனைவியின் சொந்தச் சகோதரரே திருப்பி அனுப்பப்பட்டு எந்தத் தீங்கும் இல்லாமல் இருந்திருக்கிறார், ஆகவே இவருக்கும் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்கள். யோகமலர் அதை வாசித்துக் காட்டிய அன்று அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. 

எட்வேட், உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அப்படியே எழுது. நான் இனிக் கேட்கமாட்டேன். ஆனால் எழுது.

அக்கா


லண்டன்
15 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

இன்று மாதாவின் பெருநாள். பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் எல்லாருக்காகவும் மன்றாடினேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதை முதலில் அத்தானிடம் சொல்லுங்கோ. "ஒன்றும் நடக்கவில்லை, நல்லபடி நடத்தினார்கள்" என்று உங்களுக்கு வந்த கடிதத்தை நான் எழுதும்போது பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வெளியில் வந்தபிறகும் நான் அந்தக் கதையை மாற்றவில்லை. மாற்றினால் பிறகு முழுவதையும் சொல்ல வேண்டிவரும். மறுபடி லண்டனுக்கு வந்தபோது இங்கே என் லோயருக்கும் முழுவதும் சொல்லவில்லை. சொல்லாமலே இந்த நாட்டில் தங்க விட்டார்கள், இருந்துவிட்டேன்.

நாலு மாதம் கொழும்பில் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

ஏன் இப்போதும் எழுதாமல் இருக்கிறேன் என்று கேட்பீர்கள். விடுகிற அன்று ஒரு பெரிய அதிகாரி என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, "உம்மட அம்மா எந்த றோட்டில, எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில இருக்கிறா எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடித்தவர்களின் முகங்கள் மறந்துபோச்சு. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

நான் எழுதினால் அது ஜெனீவாவுக்குப் போகும், கனடா அரசாங்கத்தின் கைக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று ஆர் சொல்ல முடியும்? அம்மா இன்னும் அதே றோட்டில்தான் இருக்கிறா.

அத்தானா, அம்மாவா என்று மட்டும் என்னிடம் கேட்காதீங்கோ.

எட்வேட்


ஸ்காபரோ
2 செப்டெம்பர் 1996

என் தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. எட்டு வருசமாகக் கேட்டிருக்கிறேன், நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அவனைக் கரைச்சல் படுத்தாதை. நான் போறன்" என்றார். போவதென்றால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியாதா? கோபத்தில் கையிலிருந்த கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டேன். பிறகு இரண்டு பேருமாகப் பொறுக்கினோம்.

அம்மாவுடன் பேசினேன். உன்னைக் கேட்காமல் செய்தது பிழையென்றால் பேசு. அம்மா கோயிலடியில் இருக்கிற தொலைபேசிக் கடைக்கு வந்திருந்தா. ஆட்கள் நிற்கிற இடம் என்பதால் நான் பேர் ஒன்றும் சொல்லவில்லை.

"சின்னவன் ஒரு விஷயம் எழுத வேணும் அம்மா. எழுதினால் உங்களுக்கு ஏதும் வருமெண்டு பயப்பிடுறான்" என்றேன்.

அம்மா கடைக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது.

"அவன் அண்டைக்கு வீட்டை வரேக்க போட்டிருந்த சேட்டை ஆர் தோய்ச்சது?" என்று கேட்டா.

"அம்மா..."

"மூண்டு தண்ணியில தோய்ச்சும் போகேல்லை. பிறகு அடுப்பில வைச்சு எரிச்சனான். அவன் ஒண்டுமில்லை எண்டான். நானும் ஓம் மோனை, ஒண்டுமில்லை எண்டனான்." கடைசியில், "எழுதச் சொல்லு" என்றா.

"அப்ப நீங்கள் கொஞ்சக் காலம் இந்தியாவுக்குப் போய் இருங்கோ."

"எனக்கு ஆர் என்ன செய்யிறது? நான் ஒரு இடமும் போகேல்லை."

வைத்துவிட்டா.

எட்வேட், நான் உன்னை இனிக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. நீ எழுதினால் அம்மாவை நினைத்துப் பயம், எழுதாவிட்டால் இவரை நினைத்துப் பயம். எந்தப் பயம் பெரியது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பிறகு உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அக்கா


லண்டன்
21 செப்டெம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் வயிறு எப்படி? நான் இருக்கிறேன்.

அம்மாவுடன் நானே பேசினேன். என்ன பேசினோம் என்று எழுதவில்லை. கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம் போகிறதாம், கன்னியாஸ்திரி ஒருவர் கூட்டிக்கொண்டு போகிறா. அம்மா அவர்களோடு போய், திருச்சியில் பெரியம்மாவின் மகள் வீட்டில் தங்க ஒத்துக்கொண்டா. நான் அழுததால் ஒத்துக்கொண்டா.

உங்கள் லோயருக்கு நேற்று ஒரு பொதி அனுப்பியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன், ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என் தோளையும் முதுகையும் பார்த்து எழுதித் தந்ததும் கூட இருக்கிறது. சேட்டைக் கழற்றச் சொன்னபோது, அந்தக் கட்டிடத்தில் தினமும் நடமாடுகிற எனக்குத் திரும்பி ஓடவேண்டும் போல இருந்தது. அவர் என்னைப் பேரால் கூப்பிடுகிற மனிதர். பார்த்து முடிந்தபிறகு கொஞ்ச நேரம் பேரைச் சொல்லவில்லை.

இரண்டு வேண்டுகோள். அம்மா திருச்சியில் இறங்கிவிட்டா என்று உங்களுக்குச் செய்தி வரும் மட்டும் லோயர் அதை எங்கும் அனுப்பக்கூடாது. மற்றது, நீங்கள் அதை வாசிக்கக்கூடாது.

எட்வேட்


ஸ்காபரோ
10 நவம்பர் 1996

அன்புள்ள தம்பி,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதினால் உனக்கும் நித்திரை போகும்.

அம்மா திருச்சிக்குப் போனதாகச் செய்தி வந்த அன்றுதான் உன் பொதியைப் பிரித்தோம். சொன்னபடி நான் வாசிக்கவில்லை. லோயரின் கந்தோரில் யோகமலர் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஒரு பெட்டை டைப் பண்ணினாள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். இடையில் யோகமலர் எழும்பி வந்து, என்னைக் கடந்து போய், நடையில் நின்று தண்ணி குடித்தா. "மலர் அக்கா, ஏலாட்டில் விடுங்கோ" என்றேன். "அவன் எழுதியிருக்கிறான், நான் வாசிக்கவும் ஏலாதே?" என்று திரும்பிப் போனா.

ஜெனீவாவுக்குப் போனது. மூன்றாம் கிழமை ஃபாக்ஸ் வந்தது. தாங்கள் ஆராய்ந்து முடிக்கும் வரைக்கும் இவரை அனுப்ப வேண்டாம் என்று அந்தக் குழு கனடாவைக் கேட்டிருக்கிறது. அன்று நாங்கள் சோறு கறி சமைத்துச் சாப்பிட்டோம்.

போன திங்கள் அத்தான் வழக்கம்போலக் குடிவரவுக் கந்தோருக்குக் கையெழுத்துப் போடப் போனார். வெளியில் பஸ் தரிப்பில் நானும் எமில்டாவும் நின்றோம். வரவில்லை. மூன்று பஸ் போய்விட்டது. உள்ளே போய்க் கேட்டேன். பிடித்துவிட்டார்கள். இருபத்தெட்டாம் திகதி விமானம்.

"ஜெனீவா கடிதம்?" என்று அந்த ஒஃபிசரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். அது வேண்டுகோள், நாங்கள் கவனத்தில் எடுத்தோம், கேட்டே ஆகவேண்டும் என்று கனடாவில் சட்டம் இல்லை என்றார். கேட்காமல் விடுவதற்காகவா அம்மாவை வீட்டை விட்டுக் கிளப்பினோம்? உன்னைக் கிண்டினோம்?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் கேட்டது ஒன்றுதான். "கொழும்பில இறக்கினவுடன என்ன கேப்பாங்கள் எண்டு அவனிட்டைக் கேட்டு எழுது." நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டார் என்று எழுதாமல் விடவும் முடியவில்லை.

லோயர் மறுபடி கோர்ட்டுக்குப் போகிறா. இருபத்தாறாம் திகதி.

அக்கா


லண்டன்
17 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே ஃபாக்ஸ் வந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கந்தோரில் கெஞ்சி, பேப்பரில் வந்ததையெல்லாம் உங்கள் லோயருக்கு அனுப்பினேன். நீங்களும் விளங்கிக்கொள்ள எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ட்ராஸ்பேர்க் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான் முன்பு எழுதிய அதே கோர்ட். ஒரு பஞ்சாபிச் சீக்கியர், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் ஆறு வருசமாக மறியலில் பூட்டி வைத்து இந்தியாவுக்கு அனுப்பப் பார்த்தது. கோர்ட் சொன்னது இதுதான்: அவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று நீங்கள் நினைத்தாலும் சரி, சித்திரவதை நடக்கும் என்ற உண்மையான ஆபத்து இருந்தால் அனுப்ப முடியாது. நாட்டின் பாதுகாப்பை ஒரு தட்டிலும் மனிதனின் உடம்பை மறு தட்டிலும் வைத்து நிறுக்க முடியாது. நீதிபதிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பான்மை ஒத்துக்கொண்டது. அன்றைக்கே அவரை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கோர்ட்டுக்குக் கனடாவில் அதிகாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தானுக்கும் இதே சொல்லைத்தானே சொன்னார்கள், ஆபத்தானவர் என்று?

அத்தான் கேட்டதற்குப் பதில். பேரைக் கேட்பார்கள். அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். மற்றக் கேள்விகளுக்குச் சரியான பதில் என்று ஒன்று இல்லை. இதை அவரிடம் சொல்லாதீங்கோ. கேள்விகளை அவன் மறந்துவிட்டான் என்று சொல்லுங்கோ.

இருபத்தாறாம் திகதி நான் லீவு எடுத்திருக்கிறேன். போனுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

எட்வேட்


ஸ்காபரோ
1 டிசெம்பர் 1996

என் அன்புத் தம்பி,

போனில் நான் அழுதது உனக்கு விளங்கியதோ தெரியாது. இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அத்தான் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். சாப்பிட்டார், முழுக் கோப்பைச் சோற்றையும்.

கோர்ட்டில் என்னைப் பின்வாங்கில் இருத்தினார்கள். யோகமலர் என் காதில் சொல்லிக்கொண்டிருந்தா. அரசாங்க லோயர், ஜெனீவாவும் ஸ்ட்ராஸ்பேர்க்கும் இந்தக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, கனடாப் பாராளுமன்றம் எழுதிய சட்டம் ஆபத்தானவரை அனுப்பலாம் என்கிறது என்றார். நீதிபதி தலையாட்டினார். அவர் தலையாட்டும் ஒவ்வொரு தரமும் நான் செபமாலையில் ஒரு மணியைத் தள்ளினேன்.

மிஸ் ஹார்ட்லி எழும்பி நீ அனுப்பிய தீர்ப்பிலிருந்து வாசித்தா. பிறகு உன்னுடையதில் ஒரு பந்தி. அது தொடங்கினதும் யோகமலர் சொல்வதை நிறுத்திவிட்டா. நீ கேட்டபடி. ஆனால் நான் நீதிபதியின் முகத்தைப் பார்த்தேன், தம்பி. அது போதும்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, "இவர்தானே முதல் தீர்ப்பில் தீங்கில்லாமல் இருந்தார் என்று சொல்லப்பட்ட சகோதரர்?" என்று கேட்டார்.

"ஆம்" என்றா லோயர்.

அரசாங்க லோயர் பேப்பரைப் புரட்டினார்.

இடைவேளை விட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்து நீதிபதி சொன்னதை யோகமலர் சொன்னா: "வெளியில இருந்து வந்த கடிதம் தன்னைக் கட்டுப்படுத்தாதாம். ஆனால் வரேல்லை எண்டு தன்னால பாசாங்கு பண்ண ஏலாதாம். ஜெனீவா முடிவு சொல்லும் மட்டும் அனுப்பக் கூடாதாம். பிள்ளை, விளங்குதே? நிப்பாட்டியாச்சு."

இன்னொரு தரம் சொல்லச் சொல்லி அவவின் கையைப் பிடித்தேன்.

நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முடியவில்லை. திங்கள் தோறும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கும் போகவேண்டும். உள்ளே போனவர் வெளியே வரும் மட்டும் பஸ் தரிப்பில் நிற்பேன்.

உன்னை ஒவ்வொரு செபத்திலும் வைத்திருக்கும்,
அக்கா


ஸ்காபரோ
22 பெப்ரவரி 1998

அன்புள்ள எட்வேட்,

நீயும் அம்மாவும் சுகம் என்பதை அம்மாவின் கடிதத்தில் அறிந்தோம். திருச்சி வெயில் ஒத்துக்கொள்கிறதாம். பழைய வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். அங்கே ஆரோ வந்து அம்மாவைப் பற்றி விசாரித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாவாம். ஆர் என்று தெரியாது. யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜெனீவாவின் முடிவு வந்துவிட்டது. அத்தானைக் கொழும்புக்கு அனுப்பாமல் இருக்கக் கனடாவுக்குக் கடமை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, அனுப்பும் உத்தரவை நிறைவேற்றப் போவதில்லை என்று குடிவரவுக் கந்தோரிலிருந்தும் கடிதம் வந்தது. தங்கும் பத்திரம் இன்னும் தரவில்லை.

"அப்ப சட்டம் மாறிட்டுதே?" என்று அத்தான் லோயரிடம் கேட்டார். இல்லை என்றா. ஆபத்தானவரை அனுப்பலாம் என்ற வரி அப்படியே இருக்கிறதாம். புதுச் சட்டம் எழுதுவதைப் பற்றி ஒட்டாவாவில் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்களாம், தங்களைப் போன்ற லோயர்மார் இந்த முடிவுகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் காட்டுகிறார்களாம். எத்தனை வருசம் ஆகும் என்று தெரியாதாம். லிஃப்ட் மணி கேட்டால் அத்தான் இப்போது குளியலறைக்குப் போவதில்லை. ஆனால் கதைத்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவார்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன கிழமை மிஸ் ஹார்ட்லி கூப்பிட்டா. மொன்றியலில் ஒரு தமிழ்ப் பெடியனை அனுப்ப இருந்தார்களாம். அவனுடைய லோயர் அத்தானுக்கு வந்த ஜெனீவா முடிவை எடுத்து, அதில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிற பந்தியைக் கோர்ட்டில் வாசித்தாராம். உன் பேர் அதில் இல்லை. மனைவியின் சகோதரர் என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெடியனையும் அனுப்பவில்லை. விமானத்துக்கு முதல் நாள் நிறுத்தினார்களாம்.

அவனுக்கு நீ ஆர் என்று தெரியாது. உனக்கும் அவன் ஆர் என்று தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அக்கா வேரோனிக்கா


லண்டன்
14 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் சுகத்தையும் ஆண்டவர் காப்பாராக. எமில்டாவுக்கு ஒரு குளிர்ச் சட்டை அனுப்பியிருக்கிறேன், பெரிதாக இருந்தால் அடுத்த வருசம் போடட்டும்.

இங்கே அந்தச் சீக்கியரின் தீர்ப்புக்காகப் புதுச் சட்டமே எழுதி நிறைவேற்றிவிட்டார்கள். ஆபத்தானவர்கள் என்று சொல்லப்படுவோரின் வழக்கைக் கேட்கத் தனி நீதிமன்றம் வருகிறதாம். அதிலும் இரகசியச் சாட்சியங்களை, வழக்குக்குரியவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித்தான் கேட்பார்களாம். ஒரு கதவைத் திறக்கிறார்கள், ஒன்றைச் சாத்துகிறார்கள். முழுக்க நம்ப எனக்குப் பழக்கம் இல்லை.

பழைய வீட்டில் அம்மாவை விசாரித்தவர் ஆர் என்று நானும் யோசிக்கிறேன். யோசிக்காத நாள் இல்லை. நான் எழுதினதால் வந்ததோ, சும்மா வந்ததோ, இனித் தெரியவராது. அம்மாவிடம் இன்னும் கொஞ்சக் காலம் திருச்சியிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மொன்றியல் பெடியனைப் பற்றி நீங்கள் எழுதியதை வேலையில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு ஒரு கிழவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய், தவறான தளத்தில் இறக்கிவிட்டேன். அவர் நல்ல மனிதர், சிரித்தார்.

பத்து வருசமாக, அந்த நாலு மாதத்திலிருந்து என்னோடு வந்த பேர்கள் எல்லாம் அடித்தவர்களின் பேர்கள்தான். ஒருவரையொருவர் கூப்பிட்டதில் கேட்ட பேர்கள். நித்திரையிலும் அவைதான் வரும்.

அக்கா, லோயரிடம் கேட்டு அந்தப் பெடியனின் பேரை மட்டும் எனக்கு எழுதுங்கோ. நான் அவனோடு பேசமாட்டேன், தேடிப் போகவும் மாட்டேன். பேர் மட்டும் போதும்.

தம்பி எட்வேட்